ஸ்ரீமதி ஆனந்திபாய் ஜோஷி அல்லது கடல் கடந்த கல்வியின் கிரயம்

நம் குலத்துப் பிள்ளைகள் மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது இந்நாளில் அதிசயமன்று. வீட்டை ஈடு வைத்தும், தாயார் கழுத்து நகையை விற்றும், வங்கியிற் கடன் பெற்றும் பெற்றோர் அனுப்பி வருகின்றனர். நம் சங்கத்துக் கல்வி நிதியினிடத்து உதவி வேண்டி வரும் விண்ணப்பங்களிலும் இவ்வகையின பெருகிவிட்டன. இத்துணைப் பெரும்பொருளுக்கு அப்படிப்புத் தகுமா என்னும் வினா நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. தகும் என்பாரும் தகாது என்பாரும் கல்லூரிச் சம்பளத்தையும் பிரயாணக் கட்டணத்தையும் முன் வைத்துக்கொண்டே வாதிடுகின்றனர். பிள்ளை எங்கே துயில்வான், எதை உண்பான், உடல் நலிந்தாற் கவனிப்பார் யார் என்பவை கணக்கில் ஏறுவதில்லை. இம்மூன்றையும் எவரும் கணக்கில் எழுதாத நிலையிற் கடல் கடந்து சென்று, இருபத்திரண்டு வயது நிரம்பு முன்னரே உயிர் துறந்த பெண்மணி ஒருவரின் சரித்திரத்தை அன்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

ஆனந்திபாய் அம்மையார் 1865-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி பிறந்தார். பம்பாய்க்கு அண்மையிலுள்ள கல்யாண் என்னும் ஊரில் நிலபுலங்களோடு வாழ்ந்து பின்னர்ப் பொருள் குன்றிய சித்பாவனப் பிராமண குடும்பம் அவருடையது. பெற்றோர் இட்ட பெயர் யமுனா என்பது. அக்காலத்து வழக்கப்படி ஒன்பதாம் வயதில் அவருக்கு விவாகம் நிகழ்ந்தது. மணமகன் கோபால்ராவ் ஜோஷி என்பவர், தபால் இலாகாவில் குமாஸ்தா; மனைவியை இழந்தவர்; மணமகளினும் ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயர் அவர் சூட்டியதே. தாம் மணக்கும் பெண்ணுக்குக் கல்வி கற்பிக்கத் தமக்குத் தடை இருத்தலாகாது என்பதை அவர் பெண் வீட்டாரிடம் நிபந்தனையாகவே கேட்டுக்கொண்டனர்.

இந்தக் கோபால்ராவைப் புகழ்வதா இகழ்வதா என்று எழுத்தாளர்கள் இன்றளவும் தடுமாறுகின்றனர். பெண் மக்கள் ஏடு தொட்டால் கைம்மை வரும் என்று நம்பிய காலத்தில் மனைவியைப் படிக்க வைத்தே தீருவது என்று நின்றவர் அவர். அதே சமயம் மிக்க கடுமையுடையவர். மற்றைக் கணவன்மார் சமையலிற் பிழை நேர்ந்தால் மனைவியரை அடித்தனர். இவரோ மனைவி பாடத்தை விட்டு அடுக்களையிற் பொழுது போக்கினால் அடித்தார். சிறு பெண்ணுக்கு அடியின் வலி இரண்டிடத்தும் ஒன்றே. நல்ல நோக்கம் கொடுஞ்செயலுக்குப் பரிகாரமாகி விடாது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. கணவருக்கு உத்தியோக மாற்றம் நேருந்தோறும் அம்மையாரும் அலிபாக், கோலாப்பூர் முதலிய ஊர்களுக்குச் சென்று வசித்து, மராத்தியோடு ஆங்கிலமும் நன்கு கற்றுத் தேர்ந்தார்.

பதினான்காம் வயதில் அவர் ஓர் ஆண் மகவை ஈன்றார். அக்குழந்தை பத்தே நாள் உயிர் வாழ்ந்தது. தக்க வைத்திய உதவி கிடைக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் தம் உடலைக் காட்ட மனமின்றி நோயை மறைத்து மாண்ட பெண்டிர் அந்நாளில் வீடுதோறும் இருந்தனர். அவர்களைப் பார்க்கப் பெண் வைத்தியர் இல்லை. அக்குறையைத் தீர்ப்பதே தம் வாழ்க்கையின் வேலை என்று ஆனந்திபாய் துணிந்தது இந்தத் துயரத்திற்குப் பின்னரே. கணவர் ஊட்டிய கல்வி ஆசை அதுகாறும் அவருடையது மட்டுமே. இதன் மேல் அது அம்மையாருடையதுமாயிற்று.

கோலாப்பூரில் இருந்தபொழுது கோபால்ராவ், மனைவியை அமெரிக்காவிற் படிக்க வைக்கவும் தமக்கு அங்கே ஓர் உத்தியோகம் தேடித் தரவும் வேண்டி ராயல் வைல்டர் என்னும் அமெரிக்கப் பாதிரியாருக்கு உதவி கேட்டு எழுதினார். கிறிஸ்து மதத்தைத் தழுவினால் உதவலாம் என்ற கருத்துப்படப் பாதிரியார் விடை விடுத்தார். தம்பதியர் அதற்கு இசையவில்லை. இவ்வளவோடு அச்செய்தி மடிந்து போயிருக்கும். ஆயினும் பாதிரியார் அக்கடிதங்களைத் தம் பத்திரிகையிற் பிரசுரித்திருந்தார். நியூஜெர்ஸி மாகாணத்து ரோஸெல் என்னும் ஊரில் வசித்த தியோடிஷியா கார்ப்பென்டர் என்ற மாது, பல் வைத்தியர் வீட்டில் தம் முறைக்காகக் காத்திருக்கையில் அங்குக் கிடந்த அப்பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். முகமறியாத அந்த இந்தியப் பெண்ணின்பால் அவர் மனம் இளகிற்று. உடனே கடிதம் எழுதினார். பின்பு ஆண்டுக்கணக்காகக் கடிதங்கள் கடலைக் கடந்து சென்றும் வந்தும் இருந்தன. ஆனந்திபாய் அவரைச் சிற்றன்னை என்று முறை கொண்டாடினார். இருவர் கடிதங்களிலும் பேசப்படாத பொருளில்லை: பூ விதைகள், பால்ய விவாகம், பண்டிகைகள், சமயம், சமையல் எல்லாம் பேசினர்.

அக்கடிதங்களில் இன்னொன்றும் காணப்படுகின்றது. கோபால்ராவ் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட பின் அம்மையாரின் தேகாரோக்கியம் குன்றத் தொடங்கிற்று. ஓயாத் தலைவலி, இடையிடையே காய்ச்சல், சோர்வு, சில வேளை மூச்சுத் திணறல். ரோஸெலிலிருந்து கார்ப்பென்டர் மாது மருந்துகளை அனுப்பிப் பார்த்தார், பயன் விளையவில்லை. இந்நிலையில், 1883-இல், தமக்கு உத்தியோகத்தை விட்டு வர இயலாமையின் மனைவி தனித்தே செல்க என்று கோபால்ராவ் தீர்மானித்தார். பதினெட்டு வயதுப் பெண், நோயுடன், துணையின்றி, கடும்பனி பெய்யும் தேசத்துக்கு மூன்றாண்டுக்குப் போவது! அப்பெண்ணின் உடம்பு இதைத் தாங்குமா என்று அவ்வீட்டில் வினவிய பெரியோர் ஒருவரேனும் இருந்ததாகத் தெரியவில்லை. சாதியாரோ வினவினர், ஆனால் உடம்பைப்பற்றி அன்று, ஆசாரத்தைப்பற்றி. கடல் கடந்தாற் சாதிப் பிரஷ்டம் என்று ஒருபால் அச்சுறுத்தினர். அங்குப் போய்க் கிறிஸ்தவளாகி விடுவாள் என்று மற்றொருபால் ஏசினர். தெருவிற் கல்லும் சாணமும் எறிந்தவர்களும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் விடையாக 1883-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ஆம் தேதி ஸெராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் அம்மையார் ஒரு பிரசங்கம் செய்தார். இந்தியாவிலேயே படிக்கலாகாதா என்பது அவரை வினவியோர் கேட்ட முதல் வினா. நம்மனோர்க்கு இது சிறப்பாக நோக்கத்தக்கது; ஏனெனில் அவ்வினாவிற்கு விடை சென்னப்பட்டணத்தில் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் வருஷத்திலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சென்னை பாரிஸ்டர் ஒருவரின் மனைவியாராகிய மேரி ஷார்லீப் முதலிய நால்வர் அங்குப் படித்து 1878-இல் தேறியிருந்தனர். ஆனந்திபாய் இதை அறியாதவரல்லர். சென்னையில் ஒரு கல்லூரி உண்டென்றும், பிற மாகாணங்களில் மருத்துவச்சி வகுப்புக்கள் உண்டென்றும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அங்குக் கற்பிக்கப்படுவது முழுமை பெற்றதன்று, ஆசிரியன்மார் பெண் மாணாக்கியரை மனமுவந்து ஏற்பவரல்லர், கணவனைப் பிரிந்து தனியே வாழும் இந்துப் பெண் இந்நாட்டுத் தெருக்களிற் படும் தொல்லை சொல்லத் தரமன்று என்பன அவர் காட்டிய நியாயங்கள். தாம் இந்துவாகவே செல்வதாகவும் இந்துவாகவே திரும்புவதாகவும் உறுதி கூறினார். சொன்னபடி நடந்தும் காட்டினார்.

அவர் கூறிய காரணங்களிற் பிழை காண்பது எளிதன்று. ஆயினும் விதியின் போக்கைப் பாருங்கள். அவர் கப்பலேறிய அதே 1883-ஆம் வருஷத்தில், அவர் விட்டுச் சென்ற அதே கல்கத்தாவில், மருத்துவக் கல்லூரி காதம்பினி கங்கூலி என்னும் வங்கப் பெண்மணிக்குக் கதவைத் திறந்தது. காதம்பினியைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தந்தையார் வீட்டிற் பெற்ற தங்க வளையல்களை அம்மையார் விற்றார். ஸெராம்பூர்ப் பிரசங்கம் பத்திரிகைகளில் வெளிவந்த பின் பல திசைகளினின்றும் நன்கொடைகள் வந்தன. ராஜப் பிரதிநிதியும் 200 ரூபாய் அளித்தனர். ஆக, பிரயாணத்துக்கு வழி பிறந்தது. ஏப்ரல் மாதம் 7-ஆம் தேதி கல்கத்தாவில் நீராவிக் கப்பலேறி, லண்டன் மார்க்கமாகச் சென்று, ஜூன் மாதத்தில் நியூயார்க் துறையில் இறங்கினார். எதிர்கொண்டழைத்தவர் கார்ப்பென்டர் மாது. படிப்பதற்காக அமெரிக்கா சென்ற முதல் இந்துப் பெண் இவரே.

ரோஸெலிற் கழித்த அக்கோடை மாதங்களே அவர் வாழ்வில் மிக இனியவை எனலாம். கார்ப்பென்டர் குடும்பத்துக் குழந்தைகளோடு விளையாடினார். தம் கையாற் சமைத்து அவர்களுக்கு நம் நாட்டு உணவு பரிமாறினார். உடம்பும் சற்றே தேறிற்று. இலையுதிர் காலத்தில் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1850-இல் தோன்றிய அக்கல்லூரி, பெண்களுக்கென்றே ஏற்பட்ட மருத்துவக் கல்லூரிகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. அதன் தலைவியாகிய ராச்செல் பாட்லி அம்மையார், தம் நாட்டுப் பெண்டிரின் பிணி தீர்க்க வந்தேன் என்ற இவர் விண்ணப்பத்தைக் கண்டு மனமுவந்து ஏற்றனர். மூன்றாண்டுக்குமாக 600 டாலர் உதவிச் சம்பளமும் கிடைத்தது.

இங்கேதான் நாம் நின்று கவனித்தல் வேண்டும். சம்பளத்துக்கு வழி உண்டாயிற்று; கப்பலுக்கு வழி உண்டாயிற்று. கல்லூரியார் வசிக்கக் கொடுத்த அறையிலோ கணப்படுப்புச் செவ்வையாகக் கட்டப்படவில்லை. தீ மூட்டினால் அறை முழுதும் புகை. மூட்டாவிட்டால் எலும்பை ஊடுருவும் குளிர். இரண்டிலொன்றை நாள்தோறும் தெரிந்துகொள்ள வேண்டியவராயினார், நெஞ்சு பலவீனமான அப்பெண். நம் நாட்டார்க்குக் கணப்பு என்பது கதையிற் கேட்கும் பொருள். பிலடெல்பியாவின் குளிர்காலத்தில் அது சோற்றுக்கு நிகரானது. அடுப்புக் கரிக்கும் நல்ல அறைக்கும் ஆகும் சில டாலர்களை வளையல் விற்ற பணத்திலோ வந்த நன்கொடையிலோ எவரும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை.

உணவும் அவ்வாறே. புலால் உண்ணாதவர் அவர். அவ்விரதத்தை ஒரு நாளும் விடவில்லை. கல்லூரிச் சாப்பாட்டில் அவருக்கேற்றவை அரிய. படித்துக் களைத்து வந்த பின் தாமே சமைத்தாலன்றி வயிறு நிரம்பாது. பல நாள் அரைவயிற்றோடு கழிந்தன. உடை விஷயத்தில் மட்டும் சிறிது வளைந்தார். மகாராஷ்டிரப் பெண்டிரின் கச்சம் கட்டிய சேலை கணுக்காலைக் குளிருக்குக் காட்டி விடுமாதலின், குஜராத்திப் பெண்டிரைப் போலக் கால் மறைய உடுத்துவதென்று முடிவு செய்தார். இச்சிறு மாற்றத்துக்கும் கணவருக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது! பன்னீராயிரம் கல் தொலைவிலிருந்து கோபால்ராவ், அமெரிக்க நாகரிகத்தில் மயங்கினாயோ என்று ஐயுற்றும் கடிந்தும் எழுதுவார். பிலடெல்பியாவில் அப்பெண் அக்கடிதங்களை வாசித்துவிட்டு உடற்கூற்றுப் பாடத்துக்குச் செல்வார். வெளிநாட்டிற் படிக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து செல்லும் கடிதமும் ஒரு செலவுக் கணக்கே. இந்நாளில் அது தொலைபேசி வழியே மணிக்கொரு தரம் செல்கின்றது.

இரண்டாம் ஆண்டிலேயே மயக்கமும் காய்ச்சலும் மீண்டும் தொடர்ந்தன. எனினும் படிப்பில் தளரவில்லை. பட்டத்திற்குரிய ஆராய்ச்சிக் கட்டுரையாக ஆரிய இந்துக்களின் பிரசவ வைத்தியத்தைப்பற்றி எழுதினார். நம் பண்டைய ஆயுர்வேத நூற்கருத்துக்களையும் மேனாட்டு வைத்தியத்தையும் அதில் இணைத்துக் காட்டினார். தாய் நாட்டுக் கல்வியைத் துறந்தன்று, அதனைக் கையிற் பற்றிக்கொண்டே அயல்நாட்டுக் கல்வியை அவர் பெற்றார் என்பதற்கு இதுவே சான்று.

1885-ஆம் வருஷம் அக்டோபரில் அக்கல்லூரியில் எடுத்த நிழற்படம் ஒன்று இன்றும் இருக்கின்றது. மூன்று கீழ்நாட்டு மாணாக்கியர் தத்தம் நாட்டு உடையில் வீற்றிருக்கின்றனர். நடுவில் ஜப்பானியராகிய ஓகாமி கெய். ஒருபுறம் டமாஸ்கஸிலிருந்து வந்த சபாத் இஸ்லாம்பூலி. மறுபுறம் சேலையணிந்த நம் ஆனந்திபாய். மூவரும் பட்டம் பெற்றனர். ஓகாமி அம்மையார் 1889-இல் பட்டத்துடன் தாய்நாடு மீண்டு, டோக்கியோவில் வைத்தியம் புரிந்து, 1941 வரை உயிர் வாழ்ந்தனர். ஒரே கல்லூரி, ஒரே பாடம். ஆயினும் ஒருவருக்கு வாழ்நாள் எண்பதைக் கடந்தது, மற்றவருக்கு இருபத்திரண்டை எட்டவில்லை. ஆகையால் கடல் கடந்த படிப்பே கொன்றது என்று கூறுவார் கூற்று நில்லாது. காசநோயின் வித்து இந்தியாவிலேயே விழுந்திருப்பினும், அமெரிக்காவில் விழுந்திருப்பினும், புகையும் குளிரும் அரைவயிறும் அதற்கு நீர் பாய்ச்சின என்பதே பொருந்தும்.

1886-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி பட்டமளிப்பு விழா நடந்தது. கோபால்ராவ் அதற்குள் அமெரிக்கா வந்து சேர்ந்திருந்தார். இவருக்கு உறவினராகிய பண்டித ரமாபாயும் இங்கிலாந்திலிருந்து வந்து அவையில் அமர்ந்திருந்தனர். மேனாட்டு வைத்தியத்திற் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்று சபையோர் ஆரவாரித்தனர். விக்டோரியா மகாராணியாரிடமிருந்து வாழ்த்தும் வந்தது. கோலாப்பூர் சமஸ்தானத்தார் தங்கள் ஆல்பர்ட் எட்வர்ட் வைத்தியசாலையில் பெண்கள் பகுதிக்கு அவரைத் தலைவியாக நியமித்து ஓலை அனுப்பினர். கணவர் முதன்முதல் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதிய அதே கோலாப்பூர்!

ஆனால் அப்பதவியில் அவர் ஒரு நாளும் அமரவில்லை. அக்டோபரிற் கப்பலேறும்பொழுதே நோய் முற்றியிருந்தது. நவம்பரில் பம்பாயில் இறங்கியபொழுது, மூன்றாண்டுக்கு முன் ஏசியவர்களும் மாலையோடு நின்றனர். சாதிப் பிரஷ்டம் என்ற பேச்சே எழவில்லை. பூனாவில் உறவினர் வீட்டிற் படுத்தவர் பின் எழவில்லை. 1887-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 26-ஆம் தேதி, இருபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதமே இருக்கையில், உயிர் நீத்தார். மருந்து கற்ற கை ஒரு நோயாளியின் நாடியையும் இந்நாட்டில் தொட்டுப் பார்க்கவில்லை.

இனி, கணக்குப் பார்ப்போம். வரவு ஒன்றுமில்லை என்று பேரேட்டை மூடிவிடலாமா? காதம்பினி கங்கூலியை நினைப்போர் அவ்வாறே கூறுவர். அவர் கல்கத்தாவிலேயே படித்து, ஆனந்திபாய் பட்டம் பெற்ற அதே 1886-இல் தாமும் தேறி, வைத்தியம் தொடங்கி, அதன் பின்னரே, 1893-இல், ஸ்காட்லாந்து சென்று உயர்ந்த பட்டங்கள் பெற்று மீண்டார். 1923-இல் இறக்குமளவும் நோயாளிகளைப் பார்த்தார். நம் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் சென்ற வழியும் இதுவே: சென்னையில் 1912-இல் தேறி, தொழிலில் வேரூன்றிய பின் 1925-இல் லண்டனுக்கு மேற்பயிற்சிக்குச் சென்றனர். வீட்டருகே கற்கக்கூடியதை வீட்டருகே கற்று, உடம்பும் தொழிலும் நிலைபெற்ற பின், அங்கு மட்டுமே கிடைப்பதைத் தேடிச் செல்வது சிக்கனமான முறை என்பதில் ஐயமில்லை. ஆனால் 1883 ஏப்ரலில் ஆனந்திபாய்க்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. இரண்டொரு மாதம் கழித்தே திறந்தது. அறிந்த மட்டில் அவர் தெரிந்துகொண்டது தவறன்று என்பதே என் எண்ணம். தவறு அனுப்பினவர்களது. நோயைத் தீர்த்துக்கொண்டு போ என்று ஓராண்டு நிறுத்தியிருக்கலாம்; அறைக்கும் அடுப்புக்கும் இவ்வளவு என்று பணத்திற் பங்கு பிரித்திருக்கலாம். பணம் தந்த பெருந்தகைகள் நூற்றுக்கணக்கான ரூபாய் தந்தனர். கணப்புக்கு என்று எவரும் பத்து ரூபாய் தரவில்லை.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது ஒன்று உண்டு. பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பண்டித ரமாபாய் அமெரிக்காவிலேயே தங்கி, உயர்சாதி இந்துப் பெண்டிரின் நிலையைப்பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் இயற்றினார். பாட்லி அம்மையாரின் முன்னுரையோடு ஆனந்திபாய் மறைந்த அதே 1887-இல் அது வெளிவந்தது. அந்நூலைப் படித்த அமெரிக்கர் போஸ்டன் நகரிற் சங்கம் கூடிப் பொருள் திரட்டினர். அப்பொருளைக்கொண்டு 1889-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி பம்பாயில் சாரதா சதனம் என்ற விதவைப் பெண்கள் கல்விச்சாலை திறக்கப்பட்டது. ஆனந்திபாய் பட்டம் பெற்று அன்றைக்குச் சரியாக மூன்றாண்டு நிறைந்திருந்தது.

கல்வி நிதிக் குழுவினருக்கு ஒரு விஞ்ஞாபனம். அடுத்த விண்ணப்பப் படிவம் அச்சிடுகையில், கல்லூரிச் சம்பளம், பிரயாணம் என்னும் இரண்டு வரிகளுக்குக் கீழே தங்குமிடம், உணவு, குளிருடை, வைத்தியக் காப்பீடு என்று நான்கு வரிகள் சேர்க்கப்படுமாக. அவ்வரிகளை நிரப்ப இயலாத விண்ணப்பத்துக்குப் பாதிப் பணம் கொடுத்து அனுப்புவதினும், ஓராண்டு பொறுக்கச் சொல்லி முழுப் பணம் கொடுப்பது நன்று. இப்பொழுது நாம் பத்துப் பேருக்குப் பகிர்வதை ஐவருக்கே அளிக்க நேரிடினும் நேரிடட்டும். மற்ற ஐவரின் மனத்தாங்கலைத் தாங்க வேண்டியவர்கள் குழுவினராகிய நாமே.

ஆனந்திபாயின் அஸ்தியைக் கோபால்ராவ் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார். கார்ப்பென்டர் மாது அதனைப் பெற்று, நியூயார்க் மாகாணத்துப் போகீப்ஸீ என்னும் ஊரில் தம் குடும்பத்தாருக்குரிய மயானத்தில் அடக்கம் செய்து, அம்மையாரின் பெயரைக் கல்லிற் பொறித்து நாட்டினார். அக்கல் இன்றும் அங்கே இருக்கின்றது.